மூன்று நாற்பதுக்கு இறங்கிப் போன தொலைபேசிகள்

எங்கள் கம்பெனியில் நூற்றுப் பன்னிரண்டு மேசைகள் இருந்தன, மேசைக்கு ஒன்றாக நூற்றுப் பன்னிரண்டு தொலைபேசிகள் இருந்தன, அத்தனை தொலைபேசிகளையும் ஒரே நேரத்தில் ஒரே குரலில் பேசவைக்கும் சிவப்புப் பொத்தான் ஒன்று என் மேசையில் இருந்தது, மேசையே இல்லாத அறுபத்து மூன்று பெண்கள் அலுவலகத்துக்கும் வடக்கு வாசலுக்கும் நடுவில் இருந்த பீலிங் ஹாலில் காலை எட்டு மணியிலிருந்து நின்றுகொண்டே இறால் உரித்தார்கள். நான் சண்முகவடிவு, டெலிபோன் ஆபரேட்டர், பத்தொன்பது வருஷ சர்வீஸ். நடந்ததைச் சொல்கிறேன். சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் வரும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே இருக்கிறது.

தேரிக்காட்டைத் தாண்டி, கடலுக்கு முன்னால், செம்மண்ணும் உப்புக்காற்றும் சேருகிற இடத்தில் கம்பெனி. இறாலை உறையவைக்க அமோனியா வேண்டும், அமோனியா கசிந்தால் உயிர் போகும், அதனால் எச்சரிக்கை ஏற்பாடு வேண்டும் என்று வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் நிபந்தனை போட்டார்கள், உடனே மேசைத் தொலைபேசிகள் எல்லாவற்றையும் மாற்றி, யாரும் எடுக்காமலே தானாகப் பேசும் தொலைபேசிகளை வைத்தார்கள். மாதம் ஒருமுறை ஒத்திகை. நான் பொத்தானை அழுத்திப் பேசுவேன், எல்லோரும் கீழே இறங்குவார்கள், ஜி.எம். அழகியநம்பி கையில் ஸ்டாப்வாட்ச்சோடு வாசலில் நிற்பார். ஒத்திகை நடக்காத மாதங்களும் உண்டு. அந்த மாதங்களுக்கும் ரிப்போர்ட் உண்டு, ஏனென்றால் முன்தேதி போடுவதில் எங்கள் ஜி.எம்.மை அடிக்க ஆள் கிடையாது. லீவு உத்தரவு, மெமோ, ஒத்திகை ரிப்போர்ட் எதுவாக இருந்தாலும் 'போன மாசத் தேதி போடும்மா' என்பார், நானும் போட்டுக் கொடுப்பேன். ஆயுத பூஜைக்குத் தொலைபேசிகளைத் துடைத்து, சந்தனம் வைத்து, குங்குமப் பொட்டு இடுவோம். பீலிங் ஹாலுக்கு ஒரு தொலைபேசி வேண்டும் என்று அந்தப் பெண்கள் இரண்டு தடவை எழுதிக் கொடுத்தார்கள். மேசை இருந்தால்தான் தொலைபேசி, கிரேடு இருந்தால்தான் மேசை, ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கிரேடு கிடையாது என்று பதில் போனது. அந்தப் பதிலை டைப் அடித்ததும் நான்தான்.

மாசி மாதம், செவ்வாய்க்கிழமை, மூன்று நாற்பதுக்கு, கம்ப்ரஸர் அறையில் குழாய் வெடித்தது. நான் பொத்தானை அழுத்தினேன். "கவனிக்கவும், கவனிக்கவும். அமோனியா கசிவு. எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வடக்கு வாசல் வழியாக உடனே வெளியேறவும்." நூற்றுப் பன்னிரண்டு மேசைகளிலும் என் குரல் கேட்டது. நாற்காலிகள் நகர்ந்தன, டிபன் பாக்ஸைக்கூட மறக்காமல் எடுத்துக்கொண்டு எல்லோரும் இறங்கினார்கள். படியில் ஜி.எம்.மைப் பார்த்து, "சார், பீலிங் ஹால்?" என்று கேட்டேன். "அங்க போன் கிடையாதேம்மா" என்றார். பிறகு, "யாராவது சொல்லியிருப்பாங்க" என்றார். நாங்கள் வரிசையாக பீலிங் ஹால் கதவைத் தாண்டி நடந்தோம். ஐஸ் குளிர்ச்சி வெளியே போய்விடும் என்று அந்தக் கதவை வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டு வைப்பது வழக்கம். நாங்கள் வாசலை அடைய நாலு நிமிஷம் பத்து வினாடி ஆனது, அதற்குப் பிறகு பாதுகாப்பு ஷீல்டு ஒன்று கிடைத்தது, அது இன்றைக்கும் வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது.

ஹாலில் இருந்தவர்களுக்கு நெடி ஏறிய பிறகுதான் தெரிந்தது. கதவைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்து, கழிவு ஓடு தள்ளுகிற சின்ன ஜன்னல் வழியாக ஒருத்தரை ஒருத்தர் தூக்கி வெளியே தள்ளினார்கள். முப்பத்தொன்றாம் இடத்தில் நின்று உரிக்கும் மிக்கேலம்மாள் உயரமானவள், பலசாலி, அவள்தான் கீழே நின்று எல்லோரையும் தூக்கிவிட்டாள். அறுபத்திரண்டு பேரைத் தூக்கிவிட்டாள். அவளைத் தூக்க உள்ளே யாரும் மிச்சமில்லை.

நூறு தடவை கேட்டும் எடுக்காத தாழ்ப்பாளை, அவளை அடக்கம் செய்த மறுநாள் வெட்டி எடுத்தார்கள், கதவுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் திரை தொங்கவிட்டார்கள். பிறகு தொழிலாளர் துறைக்கு ஒரு அறிக்கை போனது. அதில் ஒரு வரி: 'அனைவருக்கும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது, மிக்கேலம்மாள் என்ற ஒப்பந்தத் தொழிலாளி எச்சரிக்கையை மதிக்காமல் உள்ளேயே நின்றுவிட்டார்.' நாக்கு கூசாமல் சொன்னார்கள், கை கூசாமல் நான் டைப் அடித்தேன். அந்த வரி அறிக்கையோடு நிற்கவில்லை. ஊருக்குள் வந்தது, கோயில் வாசலில் பேசப்பட்டது, அவ அப்பவே பிடிவாதக்காரிதான் என்று நாலு பேர் சொன்னார்கள், கடைசியில் மிக்கேலம்மாளின் ஒன்பது வயது மகள் காதுக்கும் போனது. அந்தக் குழந்தையை இப்போது வளர்ப்பவள் மிக்கேலம்மாளின் தங்கை அமலோற்பவம், முப்பத்திரண்டாம் இடத்தில் நின்று உரிப்பவள்.

மிக்கேலம்மாளின் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், பிற்பகல் மூன்று நாற்பதுக்கு, எங்கள் அலுவலகத் தொலைபேசிகள் எல்லாம் மேசையை விட்டு இறங்கின.

இறங்கின என்றால் இறங்கினதுதான். ஒயரைத் தாங்களே பிடுங்கிக்கொண்டு, மேசை விளிம்புக்கு நகர்ந்து வந்து, நாற்காலியில் குதித்து, தரையில் குதித்து, ரிசீவர் ஒரு பக்கம் இழுபட, மாடிப்படியில் டொக் டொக்கென்று ஒவ்வொன்றாக விழுந்து எழுந்து, முற்றத்து வெயிலில் நடந்தன. பர்ச்சேஸ் மேனேஜர் பேசிக்கொண்டிருந்த தொலைபேசி அவர் கையிலிருந்து ரிசீவரை உருவிக்கொண்டு போனது. ஆயுத பூஜைப் பொட்டோடு, மேனேஜருடைய திரை வைத்த போன் முன்னால், கிளார்க்குகளுடைய கறுப்புப் போன் பின்னால் என்று எந்த ஒழுங்கும் பார்க்காமல், கலந்து கட்டிப் போயின. கேட்டில் இருந்த செக்யூரிட்டி, கேட் பாஸ் இல்லாமல் எதையும் விடக்கூடாது என்ற விதியை நினைத்து, தடுக்கவும் தெரியாமல், ஒவ்வொன்றின் எண்ணையும் ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டான். ஹால் வாசலில் கால் நனைக்கும் குளோரின் தொட்டி உண்டு, எல்லாத் தொலைபேசிகளும் மறக்காமல் அதில் இறங்கி நனைந்துதான் உள்ளே போயின. என்னுடையது மட்டும் கொஞ்சம் தயங்கி, என்னை ஒருமுறை பார்ப்பது மாதிரி நின்று, கடைசியாகப் போனது.

உள்ளே போய் முப்பத்தொன்றாம் இடத்தைச் சுற்றி ஸ்டீல் மேசையில் ஏறி உட்கார்ந்துகொண்டு எல்லாம் ஒரே நேரத்தில் மணி அடித்தன. பெண்கள் கையுறையோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதையும் தொடக்கூடாது என்று சூப்பர்வைசர் கத்தினான். அமலோற்பவம் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு ரிசீவரை எடுத்தாள். என் குரல் கேட்டது. கவனிக்கவும், கவனிக்கவும். அமோனியா கசிவு. எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வடக்கு வாசல் வழியாக உடனே வெளியேறவும்.

அவள் ரிசீவரைக் கீழே வைத்தாள், ஏப்ரனை அவிழ்த்தாள், வடக்கு வாசலைப் பார்த்து நடந்தாள். மற்ற அறுபத்தொரு பேரும் பின்னால் நடந்தார்கள். வேப்பமரத்தடியில் போய், ஒத்திகையில் நாங்கள் நிற்கிற அதே இடத்தில், வரிசையாக நின்றார்கள். ஒரு மணி நேரம் இறால் ஐஸில் கிடந்தது.

அடுத்த நாளும் மூன்று நாற்பதுக்குத் தொலைபேசிகள் இறங்கின. அதற்கு அடுத்த நாளும். இப்படி ஒரு அதிசயம் நடந்தால் மனுஷர்கள் என்ன செய்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் ஆட்கள் மூன்றே நாளில் பழகிக்கொண்டார்கள். மூன்று முப்பத்தைந்துக்குள் பேச வேண்டியதைப் பேசி முடித்தார்கள், மூன்று நாற்பதுக்குக் காலைத் தூக்கி வழிவிட்டார்கள், டீ குடித்தார்கள். எங்கள் அலுவலக உதவியாளர் கொம்பையா அண்ணனுக்கு ஒரு புது வேலை வந்தது. இறால் அள்ளும் பிளாஸ்டிக் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போய், நூற்றுப் பன்னிரண்டையும் பொறுக்கி, துடைத்து, அந்தந்த மேசையில் கொண்டு வைக்க வேண்டும். செக்யூரிட்டி தொந்தரவு பண்ணுகிறான் என்று தொலைபேசிகளுக்கு நிரந்தர கேட் பாஸ் போட்டுக் கொடுத்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், போட்டோ ஒட்டும் இடத்தில் எண்ணை எழுதி, நூற்றுப் பன்னிரண்டு பாஸ். அறுபத்து மூன்று பெண்களுக்கு ஒரு போன் கொடுக்க விதி இடம் தரவில்லை, போனுக்குப் பாஸ் கொடுக்க விதி இடம் தந்தது.

அக்கவுண்ட்ஸ் பிரிவு ஒரு கணபதி ஹோமம் செய்தது. சென்னையிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்து, சாப்ட்வேர் பழசாகிவிட்டது என்று சொல்லி எதையோ ஏற்றினான், அன்றைக்குத் தொலைபேசிகள் இரண்டு நிமிஷம் முன்னாலேயே கிளம்பின. ஜி.எம். உத்தரவுப்படி அவற்றைச் சங்கிலியால் மேசைக்காலில் கட்டினார்கள். மற்றவை சங்கிலியைக் கழற்றிக்கொண்டு போயின, பர்ச்சேஸ் மேனேஜருடையது மேசையையும் இழுத்துக்கொண்டு போய் மாடிப்படித் திருப்பத்தில் சிக்கவைத்தது. மூன்று நாள் எல்லோரும் அந்த மேசைக்கு அடியில் குனிந்து போய் வந்தார்கள். ஹாலில் தலைக்குத் தொப்பி இல்லாமல் யாரும் நுழையக்கூடாது என்பது சட்டம், அதனால் அந்தப் பெண்கள் ஒவ்வொரு தொலைபேசிக்கும் ஒரு நீலத் தொப்பி மாட்டிவிட்டார்கள்.

"இதுகளுக்கு இருக்கிற புத்தி நமக்கு இல்லாமப் போச்சே, வடிவு" என்றார் கொம்பையா அண்ணன், ஒரு போனிலிருந்து இறால் ஓட்டைத் தட்டிவிட்டபடி.

"என்னண்ணே சொல்லுதிய?"

"அன்னைக்குச் சேர வேண்டிய எடத்துக்குச் சேரல. இன்னைக்குத் தேடிப் போவுது. இதுல என்ன அதிசயம் கெடக்கு? நாமதான் போகல."

அப்போதும் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

எட்டாம் நாள் ஜி.எம். நேரில் வந்தார். நானும் நோட்டுப் புத்தகத்தோடு பின்னால் போனேன். பெண்கள் ஏப்ரனை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்க பாரும்மா, அது பழைய அறிவிப்பு" என்றார். "இப்ப எங்க கசியுது? மூக்கு இல்லையா உங்களுக்கு?"

அமலோற்பவம் நின்றாள். "அன்னைக்கும் மூக்கு இருந்திச்சி சார். மூக்கு சொன்னதுக்கு அப்புறந்தான் எங்க அக்காவுக்கு மூச்சு போச்சி."

"சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு. அதுக்காகத் தினமும் வேலையை விட்டுட்டுப் போவீங்களா?"

"நீங்கதான சார் எழுதுனீங்க, எச்சரிக்கைய மதிக்காம நின்னுட்டாள்னு? இப்ப நாங்க மதிக்கோம். எங்க அக்கா மவ எங்கிட்டக் கேக்கா, 'அம்மாவப் போகச் சொன்னாவளாமே, அவ ஏன் சித்தி வரல, என்னைய வேண்டாம்னுதான் நின்னாளா?' அப்படீங்கா. ஒம்பது வயசுப் பிள்ள சார். நான் என்ன சொல்லட்டும்? நீங்க சொல்லுங்க. அந்த வரிய அழிச்சிட்டு, போகச் சொல்லலன்னு எழுதுங்க, நாளைக்கே நாங்க நிக்கோம். இல்லன்னா போன் சொல்லுது, நாங்க போறோம்."

அவள் போனாள். எல்லோரும் போனார்கள். ஜி.எம். நூற்றுப் பன்னிரண்டு நீலத் தொப்பிகளுக்கு நடுவில் நின்றார். ஒரே ஒரு வரி. அந்தக் குழந்தையின் கேள்விக்கு அந்த ஒரு வரிதான் பதில், அதைக் கொடுக்க இந்த மனுஷனுக்கு ஒரு சொட்டு மை செலவாகும், அவ்வளவுதான். ஆனால் அந்த வரியை அழித்தால் ஷீல்டு போகும், பதவி போகும், அதனால் ஒரு குழந்தை தன் அம்மா தன்னை வேண்டாமென்று விட்டுவிட்டுச் செத்தாள் என்று நினைத்துக்கொண்டே வளரட்டும்.

இருபத்தொன்றாம் நாள், வெளிநாட்டிலிருந்து சரக்கு ஏன் குறைகிறது என்று கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. ஜி.எம். என்னைக் கூப்பிட்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஒரு சுற்றறிக்கை அடிம்மா. மேசைத் தொலைபேசி மூலம் விடுக்கப்படும் எச்சரிக்கை, பீலிங் ஹால் தொழிலாளர்களுக்குப் பொருந்தாது. அவங்களுக்குத் தொலைபேசி வழங்கப்படவில்லை, வேறு எந்த வகையிலும் எச்சரிக்கை விடுக்கப்படுவதில்லை. அதனால எச்சரிக்கையைக் காரணம் காட்டி வெளியே போறது ஒழுங்கீனம். அடிச்சாச்சா?"

நான் நிமிரவில்லை. "எந்தத் தேதியிலிருந்து சார்?"

அவர் காலண்டரைப் பார்த்தார். இருபத்தொரு நாளும் அவர்கள் போனதையெல்லாம் ஒழுங்கீனமாக்க வேண்டும், அறுபத்திரண்டு பேருக்கும் மெமோ கொடுக்க வேண்டும். அதற்கு முன்தேதி வேண்டும். முன்தேதி என்று வந்துவிட்டால் எங்கள் ஜி.எம்.முக்குக் கை நிற்காது.

"ஆரம்பத்துலேர்ந்தே போடும்மா. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து. ஒருத்தியும் ஒண்ணும் பேச முடியாதபடி இருக்கணும்."

அப்படியே அடித்தேன். 'இந்த உத்தரவு நிறுவனம் தொடங்கிய நாள் முதல் நடைமுறையில் உள்ளது.' அவர் வழக்கம்போல வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார், நான் முத்திரை வைத்தேன். ஹால் வாசலில் ஒட்ட ஒரு பிரதிதான் அனுப்புவது வழக்கம். அன்றைக்கு இரண்டு பிரதி எடுத்தேன், இரண்டிலும் கையெழுத்து வாங்கினேன், இரண்டிலும் முத்திரை வைத்தேன். "ஒண்ண ஒட்டிருங்க, ஒண்ண அமலோற்பவம் கையில குடுத்துருங்கண்ணே" என்று கொம்பையா அண்ணனிடம் சொன்னேன். பத்தொன்பது வருஷத்தில் நான் செய்த பெரிய வீரச்செயல் அதுதான், சிரிக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை, மிக்கேலம்மாளின் சாவு குறித்துத் தொழிலாளர் துறையில் விசாரணை. அமலோற்பவம் அந்தத் தாளை ஒரு ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். விசாரணை அதிகாரி இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி ஜி.எம்.மைப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா சார்."

"தொடங்கிய நாள் முதல்னு போட்டிருக்கீங்க. மாசி மாசம் அந்தச் செவ்வாய்க்கிழமையும் இதுல சேர்த்திதானே?"

ஜி.எம். தாளை வாங்கிப் பார்த்தார். அவர் தன் சுற்றறிக்கை ஒன்றை முழுதாக வாசித்தது வாழ்க்கையில் அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். அதிகாரி என்னைக் கூப்பிட்டார். எச்சரிக்கை விடுத்தது யார் என்று கேட்டார், நான் என்றேன். பீலிங் ஹாலுக்குப் போனதா என்று கேட்டார், போகவில்லை என்றேன். போகலாம் என்றார், போய்விட்டேன்.

அறிக்கையில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, 'மிக்கேலம்மாளுக்கு எச்சரிக்கை விடுக்கப்படவில்லை. அவர் அறுபத்திரண்டு பேரைக் காப்பாற்றி இறந்தார்' என்று எழுதினார்கள். அமலோற்பவம் அதன் நகலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், குழந்தையை மடியில் உட்காரவைத்து எழுத்துக்கூட்டி வாசிக்க வைத்தாளாம். ஜி.எம்.மை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றினார்கள், அங்கேயும் அவருக்கு ஒரு மேசை இருக்கும், அதில் ஒரு போன் இருக்கும். பீலிங் ஹால் சுவரில் ஒரு தொலைபேசி மாட்டினார்கள். ஷீல்டை மட்டும் யாரும் கழற்றவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மூன்று நாற்பதுக்கு எல்லோரும் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் இறங்கவில்லை. நூற்றுப் பதினோரு தொலைபேசிகளும் மேசை மேல் சாதுவாக இருந்தன. என்னுடையது மட்டும் ஒயரைப் பிடுங்கிக்கொண்டு இறங்கியது.

மறுநாளும் இறங்கியது. டெக்னீஷியன் வரவேண்டும் என்றார்கள், நான் வேண்டாம் என்றேன். ஏன் இறங்குகிறது என்று எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் அதன் பின்னாலேயே நானும் நடந்தேன், படி இறங்கி, முற்றம் கடந்து, குளோரின் தொட்டியில் காலை நனைத்து, அது ஏறி உட்கார்ந்த முப்பத்தொன்றாம் இடத்தருகே போய் நின்றேன்.

"உங்க போன் மட்டும் ஏன் மேடம் இன்னும் வருது?" என்று கேட்டாள் அமலோற்பவம், உரிப்பதை நிறுத்தாமல்.

சொன்னேன். விசாரணையில் யாரும் கேட்காததைச் சொன்னேன். அந்தச் செவ்வாய்க்கிழமை வரிசையில் கடைசியாக வந்தவள் நான். அன்றைக்கு இந்த வாசலில் இருந்த கதவுக்கு முன்னால் நின்றேன். உள்ளே நீங்கள் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாளில் கை வைத்தேன், இரும்பு ஜில்லென்று இருந்தது. "சண்முகவடிவு, வரிசையை விட்டு விலகாதே, டைம் ஓடுது" என்று வாசலிலிருந்து ஜி.எம். கத்தினார். நான் கையை எடுத்துவிட்டுப் போனேன். நூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் கேட்கப் பேசின வாய் எனக்கு இருந்தது, ஒரு கதவுக்குக் கேட்க அதைத் திறக்கவில்லை.

அமலோற்பவம் கையிலிருந்த இறாலை உரித்து முடித்தாள், ஓட்டைக் கூடையில் போட்டாள், கையுறையை ஏப்ரனில் துடைத்தாள். அவள் என்னை அறைவாள் என்று நினைத்தேன், அறைந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் என்னைத் தொடவில்லை.

மேசை மேல் என் போன் அடித்தது. எப்போதும் அவள்தான் எடுப்பாள். இப்போது எடுக்கவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுங்க மேடம்" என்றாள், அடுத்த இறாலைக் கையில் எடுத்தபடி. "உங்களுக்குத்தான் வந்திருக்கு."